கொவிட் மாறின பிறகு தைரொயிட் ரிப்போட்டை எப்படி வாசிப்பது?

செம்மண்:

வணக்கம். கேள்வி ஆய்வுகூடப் பக்கத்தில் இருந்து. கொவிட் வந்து மாறின ஆட்களுக்குத் தைரொயிட் பார்க்கச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுப்பது வழமையாகிவிட்டது. களைப்பு, நெஞ்சுப் படபடப்பு, முடி கொட்டுதல், எதுவென்றாலும் முதலில் ரீ.எஸ்.எச். (மூளைக்குக் கீழுள்ள கபச்சுரப்பி தைரொயிட்டைத் தூண்ட விடும் ஓமோன்; தைரொயிட் ஓமோன் குறைந்தால் இது கூடும், அது கூடினால் இது குறையும்). ரிப்போட்டில் அளவுக்கு வெளியே ஒரு எண்ணைக் கண்டவுடன் சனம் டொக்டரிடம் திரும்பிப் போகாமல் பாமசிக்குப் போகிறது. ரீ.எஸ்.எச். கூடினால் தைரொக்சின் (தைரொயிட் ஓமோன் குளிசை), குறைந்தால் காபிமசோல் (தைரொயிட் ஓமோன் செய்வதைத் தடுக்கும் குளிசை) என்று பக்கத்து வீட்டுக்காரரே சொல்லிக் கொடுக்கிறார்கள். அதுதான் பயம்.

மூன்று மாதிரியான ரிப்போட் வருகிறது. ஆட்களின் விபரம் வேண்டாம், எண்களை மட்டும் தருகிறேன். எங்கள் ஆய்வுகூடத்தின் சாதாரண அளவு ரீ.எஸ்.எச். 0.4 முதல் 4.0 வரை, எவ்.ரீ.4 (இரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் ரீ4, அதாவது தைரொக்சின்) என்றால் 9 முதல் 19 பிக்கோமோல் வரை.

முதலாவது: நியூமோனியாவோடு வாட்டில் ஒட்சிசனில் இருந்தபோது எடுத்த இரத்தம். ரீ.எஸ்.எச். 0.2, எவ்.ரீ.4 அளவுக்குள், ரீ3 (மற்றத் தைரொயிட் ஓமோன்) குறைவு. வீடு வந்து மூன்றாம் கிழமை திரும்பப் பார்த்தால் ரீ.எஸ்.எச். 9.

இரண்டாவது: சாதாரண கொவிட், வீட்டிலேயே மாறியது. நாலு கிழமை கழித்துத் தொண்டை நோவு, உடம்புச் சூடு, படபடப்பு. ரீ.எஸ்.எச். 0.01, எவ்.ரீ.4 38, ஈ.எஸ்.ஆர். (உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் இரத்தச் சோதனை) 92.

மூன்றாவது: கொவிட் மாறி மூன்று மாதம். முடி கொட்டுகிறது, வேறு ஒன்றும் இல்லை, நாடித்துடிப்பும் 72தான். ஆனால் ரீ.எஸ்.எச். 0.05, எவ்.ரீ.4 34.

வைரசு சுரப்பியைத் தாக்கித்தான் இப்படி வருகிறதா? எதைப் பொறுத்திருந்து பார்க்கலாம், எதை உடனே கவனிக்க வேண்டும்?


பண்ணைக்கடல்:

தம்பி, மூன்றும் மூன்று வேறு விஷயம். ரீ.எஸ்.எச். குறைவு என்பது மூன்றிலும் வருவதால்தான் இந்தக் குழப்பம். கொவிட்டுக்குப் பிறகு வரும் தைரொயிட் ரிப்போட்டில் எண்ணை விட முக்கியம் இரத்தம் எடுத்த திகதி. காய்ச்சல் தொடங்கி எத்தனையாவது நாள் என்று தெரியாமல் அந்த எண்ணை வாசிக்கவே கூடாது.

முதலாவது ஆளுக்குச் சுரப்பியில் நோயே இல்லை. கடும் வருத்தம் வந்தால் உடம்பு தன் செலவைக் குறைக்கும். ரீ4ஐ வேலை செய்யும் ரீ3 ஆக மாற்றுவதைக் குறைத்து, வேலைக்கு உதவாத எதிர் ரீ3 பக்கம் திருப்பிவிடும். கபச்சுரப்பியும் அடங்கி ரீ.எஸ்.எச். இறங்கும். கொவிட்டில் மட்டும் அல்ல, மாரடைப்பிலும் பெரிய சத்திரசிகிச்சைக்குப் பிறகும் இதே படம்தான். வாட்டில் ஏற்றும் மருந்துகளும் சேர்ந்து குழப்பும். ஒட்சிசன் தேவைப்பட்ட கொவிட் நோயாளிக்கு நாளுக்கு 6 மில்லிகிராம் டெக்சமெதசோன் என்ற ஸ்ரெரொயிட் கொடுப்பார்கள், அது ரீ.எஸ்.எச்.ஐ அமுக்கும். இரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பரின் ஊசி போட்டிருந்தால், எடுத்த இரத்தம் குழாய்க்குள் நிற்கும்போதே கொழுப்பமிலம் கூடி, ரீ4ஐப் புரதத்தில் இருந்து கழற்றிவிடும். உடம்பில் இல்லாத எவ்.ரீ.4 உயர்வு ரிப்போட்டில் தெரியும். சீ.ரீ. ஸ்கானுக்குச் சாயம் ஏற்றியிருந்தால் அதிலும் அயடீன் நிறைய இருக்கும், அதுவும் தைரொயிட் எண்களைக் குழப்பும்.

தேறி வரும்போது ரீ.எஸ்.எச். எதிர்ப்பக்கம் ஏறும். சில நேரம் 20 வரைக்கும் போய்த்தான் திரும்பும். அந்த 9 அப்படி ஏறினது. அதற்குத் தைரொக்சின் தொடங்கினால், தானாகச் சரிவரும் ஆளை வருடக்கணக்கில் குளிசை போட வைத்ததாகிவிடும். முழுதாகத் தேறி 6 முதல் 8 கிழமை கழித்து ரீ.எஸ்.எச்., எவ்.ரீ.4 இரண்டையும் சேர்த்துப் பார்க்கவும். அப்போதும் எவ்.ரீ.4 குறைவு, அல்லது ரீ.எஸ்.எச். திரும்பவும் 10க்கு மேல் என்றால் மருந்தைப் பற்றிக் கதைக்கலாம். 4க்கும் 10க்கும் இடையில் நின்று எவ்.ரீ.4 சரியாக இருந்தால் பெரும்பாலும் இன்னும் இரண்டு மூன்று மாதம் பொறுத்துத் திரும்பப் பார்ப்பதே போதும்.

இரண்டாவது ஆள்தான் உண்மையில் சுரப்பி பாதிக்கப்பட்டவர். கொரோனா வைரசு உயிரணுவுக்குள் நுழையப் பிடிக்கும் ஏ.சீ.ஈ.2 என்ற வாங்கி தைரொயிட்டிலும் உண்டு. 2020இல் இத்தாலியின் பீசா நகரில் இருந்து 18 வயதுப் பெண் ஒருவரின் விபரம் வெளிவந்தது. கொவிட் மாறிச் சில நாட்களில் கழுத்து நோவும் காய்ச்சலும் படபடப்பும், சோதித்தால் தைரொயிட் அழற்சி. அதன் பிறகு பல நாடுகளில் இருந்தும் இப்படியான விபரங்கள் வந்தன. அதே 2020இல் இத்தாலியில் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட 287 கொவிட் நோயாளிகளைப் பார்த்ததில் ஏறத்தாழ 20 சதவீதத்தினருக்கு ஓமோன் கூடின நிலை தெரிந்தது, 5 சதவீதத்தினருக்குக் குறைந்த நிலை. அவர்கள் ஆஸ்பத்திரியில் சேரும் அளவுக்கு வருத்தம் முற்றினவர்கள். வீட்டில் இருந்து மாறினவர்களுக்கு அந்தக் கணக்கைப் பொருத்தக் கூடாது.

இந்த அழற்சியைப் பிடிக்க ஸ்கான் தேவையில்லை, ஒரு விரல் போதும். தொண்டைக்குள்ளே நோவா, அல்லது குரல்வளைக்குக் கீழே வெளியில் தொட்டாலே நோவா? தொட விடமாட்டார்கள் என்றால், நோவு தாடைக்கும் காதுக்கும் ஏறுகிறது என்றால், ஒரு பக்கம் தொடங்கி மற்றப் பக்கம் மாறுகிறது என்றால் அது தைரொயிட். இதைத் தொண்டை அழற்சி என்று நினைத்து இரண்டு மூன்று தரம் அன்ரிபயோட்டிக் கொடுப்பதும், பல் நோவென்று பல் டொக்டரிடம் போவதும் அடிக்கடி நடக்கும் பிழை. ஈ.எஸ்.ஆர். 50க்கு மேல் நிற்கும், 100ஐத் தாண்டுவதும் உண்டு. ஈ.எஸ்.ஆர். சாதாரணமாக இருந்தால் வேறு காரணம் தேட வேண்டும்.

ஏன் காபிமசோல் கூடாது? அந்த மருந்து புதிதாக ஓமோன் செய்வதைத்தான் தடுக்கும். இங்கே சுரப்பி கூடச் செய்யவில்லை. இரண்டு மூன்று மாதத்துக்குச் சேர்த்து வைத்திருந்த ஓமோன், அழற்சியில் சுவர் உடைந்து இரத்தத்துக்குள் ஒழுகுகிறது. ஒழுகுவதைக் காபிமசோல் நிறுத்தாது. பக்கவிளைவு மட்டும்தான் மிஞ்சும்.

நோவுக்கு இபுபுரொபன் 400 மில்லிகிராம், நாளுக்கு மூன்று தரம், சாப்பிட்ட பிறகு. வயிற்றுப்புண், சிறுநீரக வருத்தம், கர்ப்பம், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டும். மூன்று நாளில் கேட்காவிட்டால், அல்லது நோவு தாங்க முடியாவிட்டால், டொக்டர் பிரெட்னிசொலோன் என்ற ஸ்ரெரொயிட் 20 முதல் 40 மில்லிகிராம் தொடங்குவார். சரியான நோய்க்குக் கொடுத்தால் ஓரிரு நாளிலேயே நோவு விழும். விழவில்லை என்றால் நோயைத் தீர்மானித்ததில் பிழை இருக்கலாம், திரும்ப யோசிக்க வேண்டும். நோவு போய்விட்டதே என்று ஒரு கிழமையில் தாங்களாக நிறுத்துவதுதான் பெரிய பிழை. கிழமைக்கு 5 மில்லிகிராம் வீதம் குறைத்து 6 முதல் 8 கிழமையில் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் நோவு திரும்பும். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சீனி ஏறும், அந்த நாட்களில் வீட்டிலேயே அடிக்கடி பார்க்க வேண்டும்.

படபடப்புக்குப் புறொப்ரனொலோல் 10 முதல் 40 மில்லிகிராம், நாளுக்கு மூன்று தரம், நாடித்துடிப்பைப் பார்த்து. இழுப்பு, ஆஸ்துமா உள்ளவருக்கு இந்தக் குளிசை ஆபத்து.

பிறகு நடப்பது ஓர் ஒழுங்கில் போகும். முதல் ஒன்று முதல் மூன்று மாதம் கூடின நிலை. சேமிப்புத் தீர்ந்ததும் சில மாதம் குறைந்த நிலை. அதன் பிறகு பெரும்பாலோருக்குச் சரிவரும், ஒரு பகுதியினருக்கு மட்டும் குறைவு நிரந்தரமாகும். அதனால் 4 முதல் 6 கிழமைக்கு ஒரு தரம் இரத்தம் பார்க்க வேண்டும். ரீ.எஸ்.எச்.ஐ மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். அது கிழமைக் கணக்கில் பிந்தித்தான் எழும்பும். எவ்.ரீ.4 கீழே போன பிறகும் ரீ.எஸ்.எச். இன்னும் 0.1இல் நிற்கும். அதைப் பார்த்து இன்னும் கூடுதலாக இருக்கிறது என்று நினைத்தால் தலைகீழான முடிவு.

மூன்றாவது ஆளுக்கு: நோவில்லாத அழற்சியாக இருக்கலாம், கிரேவ்ஸ் நோயாகவும் (உடம்பின் சொந்தப் பிறபொருளெதிரியே தைரொயிட்டைத் தூண்டி ஓமோனைக் கூடச் செய்ய வைக்கும் நோய்) இருக்கலாம். கொவிட்டுக்குப் பிறகு கிரேவ்ஸ் தொடங்கினதும் திரும்பினதும் பதிவாகியிருக்கிறது. கண் பிதுங்குகிறதா, கழுத்து பெருத்திருக்கிறதா என்று பார்த்து, தைரொயிட் வாங்கிக்கு எதிரான பிறபொருளெதிரியைச் சோதித்துவிட்டு முடிவெடுக்கவும்.


மருந்துத்தட்டு:

டொக்டர் சொன்னது எல்லாம் சரி. ஆனா மூண்டாவது ஆளுக்கு அந்தப் பிறபொருளெதிரி சோதனைக்குக் காசு கட்ட முன்னம் ஒரு கேள்வி கேளுங்கோ: முடி கொட்டுறதுக்கு என்ன குளிசை போடுறா?

கொவிட் மாறி இரண்டு மூண்டு மாதத்தில முடி கொட்டுறது காய்ச்சலுக்குப் பிறகு வாற வழமையான கொட்டல். எந்தக் கடும் காய்ச்சலுக்குப் பிறகும் வரும், ஆறு மாதமளவில தானா நிக்கும். அதுக்குத்தான் எல்லாரும் பயோட்டின் எண்ட விற்றமின் குளிசை வாங்கினம். உடம்புக்கு ஒரு நாளுக்குத் தேவை 30 மைக்ரோகிராம் அளவு. முடிக் குளிசையில 5,000, 10,000 மைக்ரோகிராம். அது உடம்புக்கு நஞ்சு இல்லை, ஆனா ஆய்வுகூட மெசினை ஏமாத்தும். நாடி 72, வியர்வை இல்லை, கை நடுக்கம் இல்லை, நிறை குறையேல்லை, ஆனா ரிப்போட் மட்டும் கொதிக்குது எண்டால் எனக்கு முதல் வாற சந்தேகம் பயோட்டின்தான்.

அந்தப் பிறபொருளெதிரி சோதனையும் அதே முறையில செய்யிற மெசின் எண்டால் அதுவும் பொய்யாக் கூடிக் காட்டும். மூண்டு ரிப்போட்டும் ஒண்டையொண்டு ஒத்து, கிரேவ்ஸ் எண்டு அச்சாச் சொல்லும். நோயே இல்லாத ஆளுக்கு ஒண்டரை வருசம் காபிமசோல். பயோட்டினை ஆகக் குறைஞ்சது இரண்டு நாள் நிப்பாட்டிப்போட்டுத் திரும்ப இரத்தம் எடுத்தால் விடை தெரியும். சிறுநீரக வருத்தம் இருந்தால் இன்னும் கூட நாள் விடவேணும், அது சிறுநீரில்தான் வெளியில போறது. “விற்றமின் எடுக்கிறீங்களோ” எண்டு கேட்டால் இல்லை எண்டுதான் சொல்லுவினம். “முடிக்கு, நகத்துக்கு, தோலுக்கு ஏதும் குளிசை, பவுடர்?” எண்டு கேக்கவேணும்.


செம்மண்:

மருந்துத்தட்டு அக்கா சொன்னது சரி, எங்கள் சோதனைத் திரவத்தோடு வரும் துண்டிலும் இந்த எச்சரிக்கை இருக்கிறது. மற்றவர்களுக்கும் விளங்க எழுதுகிறேன். இந்த மெசின்களில் பயோட்டினும் ஸ்ரெப்ராவிடின் என்ற புரதமும் ஒன்றையொன்று விடாமல் பிடிக்கும் தன்மையை வைத்துத்தான் சோதனை நடக்கிறது. இரத்தத்தில் வெளிப் பயோட்டின் நிறைய வந்தால் பிடிக்கும் இடமெல்லாம் அதற்கே போய்விடும், மெசின் அளக்கும் ஒளி குறையும். ரீ.எஸ்.எச். இரண்டு பிறபொருளெதிரிக்கு நடுவில் வைத்துப் பிடிக்கும் சோதனை, அங்கே ஒளி குறைந்தால் எண்ணும் குறையும். எவ்.ரீ.4 போட்டிச் சோதனை (இரத்தத்தில் உள்ள ரீ4உம் சோதனைத் திரவத்தில் உள்ளதும் ஒரே இடத்துக்குப் போட்டியிடும்), அங்கே ஒளி குறைந்தால் எண் கூடும். ஒரே பிழை ஒன்றை இறக்கி மற்றதை ஏற்றுவதால்தான் அச்சு அசலாக நோய் மாதிரியே தெரிகிறது. இந்தப் பிணைப்பைப் பாவிக்காத மெசினும் இருக்கிறது. சந்தேகம் வந்தால் அதே இரத்தத்தை அங்கே அனுப்பி ஒப்பிடலாம்.

அப்படியானால் மூன்றாவது ஆளுக்குத் திரும்ப இரத்தம் எடுக்கும்வரை ஒரு மருந்தும் வேண்டாம்தானே டொக்டர்?


பண்ணைக்கடல்:

வேண்டாம். பிறபொருளெதிரியை முதலில் எழுதினது என் அவசரம், அக்கா சொன்ன ஒழுங்குதான் சரி. பயோட்டினை நிறுத்தி, மூன்றாம் நாள் காலையில் ரீ.எஸ்.எச்., எவ்.ரீ.4 மட்டும். அப்போதும் அதே எண் என்றால்தான் அடுத்த சோதனை.


மந்திகை_தாதி:

ஏற்கெனவே தைரொயிட்டுக்கு மருந்து எடுக்கிற ஆட்கள் கிளினிக்கில் கேட்கிறார்கள். கொவிட் வந்தால் தைரொக்சினை நிப்பாட்ட வேண்டுமா, காபிமசோல் எடுக்கிறவர்கள் என்ன செய்வது? தைரொயிட் உள்ளவர்களுக்குக் கொவிட் கடுமையாக வருமாமே என்றும் ஒரு கதை உலாவுகிறது.


மருந்துத்தட்டு:

தங்கச்சி, தைரொக்சினை நிப்பாட்டக் கூடாது, காய்ச்சல் எண்டு கூட்டவும் கூடாது. மருந்து ஒழுங்காப் போட்டு அளவுக்குள்ள இருக்கிற ஆளுக்குத் தைரொயிட் காரணமாக் கொவிட் கடுமையாகிறதில்லை. ஒரு நாள் வாந்தி எடுத்துத் தவறினாலும் பயம் இல்லை. இரத்தத்தில இருக்கிற ரீ4 பாதியாக் குறையவே ஏழு நாளளவு எடுக்கும்.

கொவிட்டுக்குப் பிறகு தைரொக்சின் எடுக்கிற ஆக்களின்ரை ரீ.எஸ்.எச். ஏறினால் டோஸைக் கூட்ட முன்னம் குளிசையை எப்படிப் போடுகினம் எண்டு பாருங்கோ. வருத்தம் மாறினவுடன சத்துக்கு எண்டு இரும்பு, கல்சியம், மல்ரிவிற்றமின் தொடங்கியிருப்பினம். அதுகளைத் தைரொக்சினோட சேர்த்து விழுங்கினால் குடலில ஒட்டிக்கொண்டு உறிஞ்ச விடாது. நாலு மணித்தியாலம் இடைவெளி வேணும். காலமை எழும்பினவுடன வெறும் வயித்தில தண்ணியோட மட்டும் குளிசை, அரை மணித்தியாலமாவது கழிச்சுத்தான் பால்தேத்தண்ணி. முடிஞ்சால் ஒரு மணித்தியாலம். கொவிட் நேரம் விடிய மல்லிக்கோப்பியோட குளிசையை விழுங்கிப் பழகின வீடுகள் இருக்கு. கோப்பி தைரொக்சின் உறிஞ்சுறதைக் குறைக்கும், முதல் தண்ணியோட குளிசை, பிறகு கோப்பி. தகரக் கூரைக்குக் கீழ, அடுப்படித் தட்டில குளிசைப் போத்தல் வைக்கிறதும் வேண்டாம். சூடும் ஈரமும் வெளிச்சமும் தைரொக்சினைக் கெடுக்கும்.

காபிமசோல் எடுக்கிற ஆக்களின்ரை விசயம்தான் அவசரமானது. அந்த மருந்து சிலபேருக்கு வெண்குருதிக் கலத்தைத் திடீரெண்டு விழுத்தும், அனேகமா முதல் மூண்டு மாதத்துக்குள்ள. அதின்ரை முதல் அறிகுறி காய்ச்சல், தொண்டை நோவு, வாய்ப்புண். அச்சொட்டாக் கொவிட் மாதிரி. “கொவிட்தானே, பனடோல் போட்டுப் படு” எண்டு இரண்டு நாள் போனால் உயிராபத்து. காபிமசோல் எடுக்கிற ஆளுக்குக் காய்ச்சலோ தொண்டை நோவோ வந்தால் அடுத்த குளிசையைப் போடாமல் அண்டைக்கே எவ்.பி.சி. (இரத்தக் கலங்களை எண்ணுற சோதனை) எடுத்து நியூட்ரபில் எண்ட வெண்குருதிக் கலத்தின்ரை எண்ணிக்கை பாக்கவேணும். கொவிட் பரிசோதனை பொசிற்றிவ் எண்டாலும் எவ்.பி.சி. கட்டாயம். அளவு சரி எண்டு டொக்டர் சொன்னாப் பிறகு குளிசையைத் தொடரலாம். இதைக் கிளினிக் கொப்பியின்ரை முதல் பக்கத்தில சிவப்புப் பேனையால எழுதிக் கொடுங்கோ.


பண்ணைக்கடல்:

எவ்.பி.சி. பற்றி எழுதினதால் இன்னொன்று. மேலே இபுபுரொபன் என்று எழுதினேன், அதை யாழ்ப்பாணத்தில் ஒரு நிபந்தனையோடுதான் சொல்ல வேண்டும். ஐப்பசி மழையோடு இங்கே டெங்கு ஏறும், தை வரைக்கும் நிற்கும். காய்ச்சலோடு வரும் ஆளுக்கு டெங்கு இல்லை என்று தெரியாமல் இபுபுரொபன், டைக்குளோபினக் எதுவும் கொடுக்கக் கூடாது, இரத்தப்பெருக்கு வரும். எவ்.பி.சி.யில் பிளேட்லட் பார்த்து, முதல் நாட்கள் என்றால் டெங்கு அன்ரிஜென் சோதனையும் செய்து, அதுவரை பனடோல் மட்டும். பெரிய ஆளுக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, 6 மணித்தியாலத்துக்கு ஒரு தரம், நாளுக்கு எட்டுக் குளிசைக்கு மேல் இல்லை. தைரொயிட் அழற்சியின் நோவுக்குப் பனடோல் போதாது. ஆனால் ஒரு நாள் நோவைத் தாங்கலாம், டெங்குவில் இபுபுரொபனைத் தாங்க முடியாது.

நாடித்துடிப்பு ஓய்வில் இருக்கும்போதே 130ஐத் தாண்டுகிறது, கடும் காய்ச்சல், வாந்தி, ஆள் குழம்பிக் கதைக்கிறார் என்றால் ஆய்வுகூடம், ரிப்போட் எல்லாம் பிறகு. 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சில் நேரே ஆஸ்பத்திரி.


செம்மண்:

மிகவும் நன்றி. இரத்தம் எடுக்கும் துண்டிலேயே மூன்று கேள்வி சேர்க்கப் பார்க்கிறேன்: கொவிட் தொடங்கின திகதி, இப்போது எடுக்கும் குளிசைகள் முடிக் குளிசை உட்பட, கழுத்தில் தொட்டால் நோவு உண்டா இல்லையா. ரிப்போட்டின் அடியில் அது அச்சாகி வந்தால் வாசிக்கும் டொக்டருக்கு உதவும்.


மந்திகை_தாதி:

நாலாவதாகக் கர்ப்பத்தையும் சேருங்கள். முதல் மூன்று மாதத்தில் கர்ப்ப ஓமோனே ரீ.எஸ்.எச்.ஐக் கொஞ்சம் இறக்கும், அதை நோய் என்று எடுக்கக் கூடாது. மற்றப் பக்கம், கூடின ரீ.எஸ்.எச். என்றால் இங்கே மேலே சொன்ன மாதிரி இரண்டு மாதம் பொறுத்திருக்க முடியாது, பிள்ளையின் மூளை வளர்ச்சி அம்மாவின் தைரொக்சினில்தான் தங்கியிருக்கிறது.


பண்ணைக்கடல்:

சரியாகச் சொன்னீர்கள். ஏற்கெனவே தைரொக்சின் எடுக்கும் பெண்ணுக்குக் கர்ப்பம் உறுதியானவுடன் தேவை 25 முதல் 30 சதவீதம் கூடும். கிழமைக்கு ஏழு குளிசை எடுத்தவருக்கு ஒன்பது என்பது அந்தக் கணக்கு. அடுத்த கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்காமல் கர்ப்பம் தெரிந்த கிழமையே வந்து டோஸைத் திருத்திக்கொண்டு, நாலு கிழமைக்கு ஒரு தரம் ரீ.எஸ்.எச். பார்க்கச் சொல்லுங்கள். தம்பி, அந்தத் துண்டின் மாதிரியை அச்சடிக்க முன் இங்கே போடுங்கள், அக்காவும் தாதியும் ஒருதரம் பார்க்கட்டும்.